டாஃபி ஆப்பிள் சரியாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

நவம்பர் 5 இரவில் இங்கிலாந்து முழுக்கத் தீ மூட்டி வாணம் விடுவார்கள். 1605ல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் போட்ட சதி பிடிபட்டதையொட்டி வந்த வழக்கம் இது. சதிகாரர்கள் பலர் இருந்தும், வெடிமருந்துப் பீப்பாய்களோடு பிடிபட்ட கை ஃபாக்ஸின் பெயர்தான் இந்த நாளுக்கு ஒட்டிக்கொண்டது. தீயைச் சுற்றிக் குளிரில் நின்றபடி சாப்பிடுவதற்கென்று சில பண்டங்கள் உண்டு. யார்க்‌ஷயர் பக்கம் போனால் ஓட்ஸ் மாவும் கறுப்பு ட்ரீக்கிள் என்ற கெட்டியான கறுப்புச் சர்க்கரைப் பாகும் சேர்ந்த பார்க்கின் கேக் கிடைக்கும். குச்சியில் செருகிய ஆப்பிளைச் சர்க்கரைப் பாகில் முக்கி இறுகவிட்ட டாஃபி ஆப்பிளோ எல்லா ஊரிலும் உண்டு. அக்டோபரில் ஆப்பிள் பறித்து முடித்து, புதுப் பழம் மலிவாகக் கிடைக்கிற சமயம் அது.

கடையில் விற்பதில் பெரும்பாலும் பளீர் சிவப்புச் சாயம் சேர்ந்திருக்கும். வீட்டில் அது தேவையே இல்லை. நல்ல பழம், கரும்புச் சர்க்கரை, கொஞ்சம் வினிகர், கோல்டன் சிரப் என்ற பொன்னிறச் சர்க்கரைப் பாகு, ஒரு குச்சி இருந்தால் போதும். பொருள் குறைவாக இருப்பதால் ஏதாவது தப்பினால் மறைக்க வழியில்லை, உடனே வெளியே தெரிந்துவிடும். ஆனால் அதே காரணத்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதும் சுலபம். முக்கால்வாசிக் கோளாறுகளின் வேர் தண்ணீர்தான்: பழத்தின் தோலில் தங்கிய தண்ணீர், பாகில் வற்றாமல் நின்ற தண்ணீர், சமையலறைக் காற்றில் இருக்கும் ஈரம், குச்சி குத்திய இடத்தில் கசியும் சாறு. எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அளவைச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆப்பிள் 8, டெமராரா என்ற பழுப்புக் கரும்புச் சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 100 மில்லி, ஆப்பிள் வினிகர் ஒரு டீஸ்பூன், கோல்டன் சிரப் 4 டேபிள்ஸ்பூன். சர்க்கரையைத் தண்ணீரில் சிறுதீயில் முழுக்கக் கரைத்து, மற்ற இரண்டையும் சேர்த்து, கிளறாமல் 150 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். பழத்தை முக்கிச் சுழற்றி, வெண்ணெய் தடவிய பேக்கிங் தாளில் நிறுத்த வேண்டும். செய்முறை இவ்வளவுதான். ஒன்று மட்டும்: 150 டிகிரிப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கொதிநீரைவிட மோசமாகப் புண்ணாக்கும். பிள்ளைகளைப் பழம் துடைக்கவும் குச்சி செருகவும் விடுங்கள், அடுப்புப் பக்கம் விட வேண்டாம். பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். ஐஸோ வெண்ணெயோ வைக்கக் கூடாது.

இனி உங்கள் ஆப்பிளைப் பார்த்து, அது எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போங்கள்.

பாகு வழுக்கி இறங்குகிறது, தோலில் திட்டுத்திட்டாக இடம் விடுகிறது

காரணம் மெழுகாக இருக்கலாம், ஈரமாக இருக்கலாம். பல சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சூப்பர்மார்க்கெட் ஆப்பிள் பளபளப்பதற்குப் பெரும்பாலும் மேலே பூசிய மெழுகே காரணம். கார்னபா மெழுகோ ஷெல்லாக்கோ, சாப்பிட்டால் கெடுதல் இல்லாத ஒன்றைத்தான் பூசுகிறார்கள். ஆனால் அதன்மேல் பாகு பிடிக்காது. பழங்களை ஓர் அகலப் பாத்திரத்தில் அடுக்கி, கெட்டிலில் கொதித்த தண்ணீரை மேலே ஊற்றி, அரை நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொரசொரப்பான துணியால் அழுத்தித் துடையுங்கள். மெழுகு இளகித் துணியோடு வந்துவிடும். சில பழங்களில் சுடுதண்ணீர் பட்டதும் தோலில் வெள்ளையாக ஒரு படலம் தெரியும். அந்த வெள்ளை போய், விரலால் தேய்த்தால் வழுக்காமல் லேசாகப் பிடிக்கும் வரை துடைக்க வேண்டும். மினுமினுப்பு போய்ப் பழம் மங்கலாகத் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதன்பிறகு ஈரம். துடைத்த பழத்தை உடனே முக்காதீர்கள். காம்புக் குழியிலும் அடிக்குழியிலும் தண்ணீர் தேங்கியிருக்கும், துணி அங்கே போகாது. காகிதத் துண்டை முறுக்கி உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரமாவது காற்றாட வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். குளிர்ந்த தோலில் காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துகொண்டே இருக்கும், எத்தனை தடவை துடைத்தாலும் திரும்ப வரும்.

பழ வகையையும் பாருங்கள். இங்கிலாந்து உழவர் சந்தையில் எக்ரிமாண்ட் ரஸ்ஸெட் கிடைத்தால் வாங்குங்கள். தோல் பழுப்பாக, சொரசொரப்பாக, பார்வைக்குச் சுமாராக இருக்கும், பாகோ கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புளிப்பு வேண்டும் என்பவர்களுக்கு கிரானி ஸ்மித், மணம் வேண்டும் என்றால் காக்ஸ். பிராம்லி சமைப்பதற்கான பழம், பெரிதாகவும் கடும் புளிப்பாகவும் இருக்கும், இதற்கு வேண்டாம்.

பாகு மணல்மணலாகப் பூத்துவிட்டது

கொதித்துக்கொண்டிருந்த பாகு திடீரென்று கலங்கி, வெளுத்து, கரண்டியில் கரகரவென்று வந்தால் சர்க்கரை மறுபடி படிகமாகிவிட்டது. கரையாத ஒரு துகள் போதும், மொத்தப் பாகும் அதைப் பிடித்துக்கொண்டு கட்டிவிடும்.

துகள் எங்கிருந்து வருகிறது? ஒன்று, கரைவதற்கு முன்பே தீயைக் கூட்டிவிடுவதால். டெமராரா பெரிய மணியாக இருக்கும், கரைய நேரம் எடுக்கும். கரண்டியின் பின்புறத்தால் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். நெறநெறவென்று இருந்தால் இன்னும் கரையவில்லை, கொதிக்கவிடாதீர்கள். இன்னொன்று, பாத்திரத்தின் உள்சுவரில் தெறித்துக் காய்ந்த சர்க்கரை. கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி போட்டு வைத்தால் நீராவியே சுவரைக் கழுவி இறக்கிவிடும். நனைத்த பிரஷால் தடவியும் இறக்கலாம். அப்புறம் எல்லோரும் செய்கிற வேலை, கிளறுவது. கொதிக்கத் தொடங்கியபின் கரண்டியே உள்ளே போகக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் நிறம் ஏறினால் பாத்திரத்தைப் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும்.

வினிகரைச் சேர்ப்பது இதைத் தடுக்கத்தான். குலாப் ஜாமுன் பாகில் நாம் விடுகிற நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் அதே வேலையைத்தான் செய்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடும். அவை இடையில் புகுந்து நிற்பதால் மீதிச் சர்க்கரை ஒன்றுசேர்ந்து படிகமாக முடியாது. கோல்டன் சிரப்பில் இந்தப் பிரிந்த சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. வினிகர் இல்லாவிட்டால் அதே அளவு எலுமிச்சைச் சாறு விடலாம்.

பூத்த பாகைக் கொட்ட வேண்டாம். அரை டம்ளர் சுடுதண்ணீர் ஊற்றி, மறுபடி சிறுதீயில் ஒரு மணிகூட இல்லாமல் கரைத்து, இன்னொரு ஸ்பூன் கோல்டன் சிரப் சேர்த்து, முதலிலிருந்து கொதிக்கவிடுங்கள். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் வற்ற நேரமாகும், அவ்வளவுதான் நஷ்டம்.

பல்லில் ஒட்டுகிறது, கடித்தால் உடையாமல் இழுக்கிறது

பாகு வேகவில்லை, தண்ணீர் இன்னும் உள்ளே நிற்கிறது. பாகின் சூடு என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதற்கான அளவு. 115 டிகிரி வாக்கில் விரலால் உருட்டலாம். 135ல் இழுத்தால் வளைந்துதான் உடையும், இந்தப் பதத்தில் இறக்கிய பாகுதான் பல்லைப் பிடித்துக்கொள்கிறது. 146ஐத் தாண்டினால்தான் சட்டென்று முறியும். 150ல் தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் தெர்மாமீட்டர் முள் நகரவே நகராது. 105, 110 என்று நின்றுகொண்டே இருக்கும், அடுப்புச் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதற்கே போகிறது. பொறுமையிழந்து இறக்கிவிடுகிறவர்கள் அதிகம். 120 தாண்டியபின் விறுவிறுவென்று ஏறும், அப்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். உங்கள் தெர்மாமீட்டரையும் ஒருமுறை சோதியுங்கள். கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 100 காட்ட வேண்டும். 97 காட்டினால் பாகை 147ல் இறக்குங்கள். முனை பாத்திரத்தின் அடியைத் தொட்டால் பொய்க் கணக்கு வரும், பாகுக்கு நடுவில் நிற்கட்டும்.

தெர்மாமீட்டர் இல்லையா, கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துப் பழைய முறையில் பாருங்கள். ஒரு சொட்டு விட்டு, ஐந்து விநாடி கழித்து எடுத்து வளைத்தால் படக்கென்று முறிய வேண்டும், தட்டில் போட்டால் ணங்கென்று கேட்க வேண்டும். கடலை மிட்டாய்க்குப் பாகு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம். வளைந்தால் இன்னும் ஒரு நிமிடம். சோதிக்கும்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாகு கருகிவிடும்.

பழத்தில் பூசியபின் தெரிந்தால்? மேலே பூசியதை மறுபடி வேகவைக்க முடியாது. அந்தப் பழங்களை அப்போதே வெட்டிச் சாப்பிட்டுவிடலாம். பாத்திரத்தில் மிச்சம் இருக்கும் பாகை மீண்டும் அடுப்பேற்றி 150க்குக் கொண்டுபோய் அடுத்த பழங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கசக்கிறது, தீய்ந்த வாடை

பாகு பதத்தைத் தாண்டிவிட்டது. இதற்கு மருந்து கிடையாது, கசந்த பாகில் எதைச் சேர்த்தாலும் கசப்புத்தான் மிஞ்சும். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அடுத்த தடவை 148ல் அடுப்பை அணைத்துவிடுங்கள். அடிகனமான பாத்திரம் தன் சூட்டிலேயே மீதி இரண்டு டிகிரியை ஏற்றும். உள்ளே வெளிர் நிறமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது, கறுப்பு நான்ஸ்டிக்கில் பாகின் நிறம் மாறுவது தெரியாது.

இயற்கையாகச் செய்ய வேண்டும் என்று சர்க்கரைக்குப் பதில் முழுக்க வெல்லமோ தேனோ போடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கோளாறு அதிகம் வருகிறது. அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கிறது, ஆனால் இரண்டும் இந்தச் சூட்டைத் தாங்காது. தேனில் ஃபிரக்டோஸ் அதிகம், அது சர்க்கரைக்கு வெகு முன்பே நிறம் மாறத் தொடங்கும். வெல்லத்தில் கரும்புச் சாற்றின் மற்ற பொருள்களும் கொஞ்சம் மண்ணும் தூசும் இருக்கும், பொங்கும், அடிப்பிடிக்கும். வெல்ல மணம் வேண்டுமென்றால் 400 கிராமில் 100 கிராம் மட்டும் வெல்லம் போடுங்கள். அதைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிட்டுச் சேர்க்க வேண்டும். பொங்கும் என்பதால் பாத்திரம் ஆழமாக இருக்கட்டும். கோல்டன் சிரப்புக்குப் பதில் தேன் என்றால் 2 டேபிள்ஸ்பூன் போதும்.

மேலே சின்னச் சின்னக் குமிழ்கள்

பொங்கும் பாகில் உடனே முக்கினால் குமிழ் அப்படியே உறைந்துவிடும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டால் அடங்கும். பழம் ஈரமாக இருந்தாலும் குமிழ் வரும், தோலில் இருக்கும் தண்ணீர் அந்தச் சூட்டில் ஆவியாகிப் பாகைத் தூக்கும். குமிழ் ஒரே பக்கத்தில் கூட்டமாக இருந்தால் ஈரம், எல்லாப் பக்கமும் பரவியிருந்தால் பாகு அடங்கவில்லை என்று பிரித்தறியலாம்.

பாகு பாதியிலேயே இறுகிவிடுகிறது

எட்டுப் பழத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை இது. குச்சி செருகுவது, தாளில் வெண்ணெய் தடவுவது எல்லாம் பாகு அடுப்பேறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இறுகத் தொடங்கினால் மிகச் சிறுதீயில் மறுபடி இளக்குங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் பதம் கெட்டு, திரும்ப 150 வரை போக வேண்டியிருக்கும். கடைசி இரண்டு பழத்துக்குப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, பழத்தை அதில் உருட்டி எடுங்கள்.

அடியில் தட்டுப் போலப் பாகு தேங்குவது வேறு விஷயம். முக்கி எடுத்ததும் பாத்திரத்துக்கு மேலேயே பத்து விநாடி சுழற்றி வழியவிட்டால் தேங்காது. கொஞ்சம் தட்டு இருப்பதில் தப்பில்லை, முதலில் அதைத்தான் பிள்ளைகள் உடைத்துத் தின்பார்கள்.

செய்து வைத்த சில மணி நேரத்தில் பிசுபிசுக்கிறது, வியர்க்கிறது

கண்ணாடி மாதிரி இறுகிய பாகு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மேல்பரப்பு இளகி, கை வைத்தால் ஒட்டும், பிறகு சொட்டத் தொடங்கும். நவம்பர் இங்கிலாந்தில் வெளியே எப்போதும் ஈரக்காற்று. வீட்டுக்குள்ளே ஜன்னல் மூடி, ரேடியேட்டரில் துணி காய்ந்துகொண்டு, பக்கத்து அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தால் பாகுக்கு வேறு எதிரி தேவையில்லை. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் நீர் பூத்திருந்தால் அந்த அறையில் டாஃபி ஆப்பிள் ஆறவைக்காதீர்கள். துணியை வேறு அறைக்கு மாற்றி, மற்ற சமையலை முன்பே முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்தால் நல்லது என்று தோன்றும். வெளியே எடுத்த ஐந்து நிமிடத்தில் மேலே பனித்துளி படிந்து பாகு கரையும். நன்றாக ஆறியபின் செலோஃபேன் தாளில் ஒவ்வொன்றையும் இறுக்கமாகச் சுற்றி, குச்சியோடு சேர்த்துக் கட்டிவிடுவதுதான் வழி. சூடாக இருக்கும்போது சுற்றினால் உள்ளே வியர்க்கும்.

ஈரக்காற்று இல்லாத நாளிலும் பிசுபிசுத்தால் சேர்மானத்தைப் பாருங்கள். தேன், வெல்லம், கோல்டன் சிரப் மூன்றும் ஈரத்தை இழுப்பவை. வினிகர் கூடிப்போனாலும் அதே கதி, சர்க்கரை அளவுக்கு மீறிப் பிரிந்துவிடும். பூக்காமல் இருக்க வேண்டும் என்று அளவுக்கு மேல் சேர்த்தால் இந்தப் பக்கம் இடிக்கும். ஒரு டீஸ்பூன் என்றால் ஒரு டீஸ்பூன்தான்.

சிவப்பு வரவில்லை

பீட்ரூட் சாறு ஊற்றிப் பார்த்திருப்பீர்கள், பழுப்பாகத்தான் வந்திருக்கும். பீட்ரூட்டின் சிவப்பு 150 டிகிரியில் நிற்காது, சிதைந்துவிடும். செம்பருத்திச் சாயமும் அப்படித்தான். மேலும் சாறு என்றாலே தண்ணீர், கடைசியில் ஊற்றினால் பதமும் கெடும். ரத்தச் சிவப்புப் பாகு அமெரிக்க வழக்கம். 1908ல் நியூவார்க் நகரில் வில்லியம் கோல்ப் என்ற மிட்டாய்க்காரர் தன் சிவப்பு இலவங்கப்பட்டை மிட்டாய்ப் பாகில் ஆப்பிளை முக்கிக் கடை ஜன்னலில் வைத்ததிலிருந்து தொடங்கியது என்பார்கள். சாயம் இல்லாத பாகு தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். எனக்கு அதுதான் அழகு. உள்ளிருக்கும் பழத்தின் நிறம் ஊடே தெரியும். சிவப்புதான் வேண்டுமென்றால் நல்ல சிவப்பான பழமாகப் பொறுக்கி, டெமராராவுக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை போடுங்கள், பாகு வெளிறி நிற்கும், பழம் தன் நிறத்தைக் காட்டும்.

குச்சி ஆடுகிறது, குத்திய இடத்தில் சாறு கசிகிறது

காம்பைத் திருகி எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே நேராகப் பழத்தின் பாதி ஆழம் வரை குச்சியை ஒரே தள்ளாகச் செருகுங்கள். எடுத்து எடுத்துக் குத்தினால் துளை அகன்று ஆடும். பனிக்கூழ்க் குச்சி பெரிய பழத்தைத் தாங்காது, தடித்த மரக்குச்சி வேண்டும். மறுபக்கம் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் அந்தப் பழத்தை விட்டுவிடுங்கள், சாறு அடியில் கசிந்து பாகை உள்ளிருந்தே கரைக்கும்.

இந்தக் கசிவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014 கடைசியில் அமெரிக்காவில் 12 மாநிலங்களில் 35 பேருக்கு உணவு வழியாகப் பரவும் லிஸ்டீரியா கிருமித் தொற்று வந்தது, கடையில் வாங்கிய கேரமல் ஆப்பிள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அது நம் கெட்டிப் பாகு இல்லை, மென்மையான கேரமல். ஆனால் குச்சியும் பழமும் அதேதான். குச்சி குத்தும்போது சாறு வெளியே வந்து தோலுக்கும் பூச்சுக்கும் நடுவே தங்குகிறது. தோலில் கிருமி இருந்தால் அந்த ஈர இடுக்கில், அறை வெப்பத்தில் நாள்கணக்கில் பெருகும். ஆகவே பழத்தைக் கழுவுவது மெழுகுக்காக மட்டும் இல்லை. அடிபட்ட, தோல் கிழிந்த பழம் வேண்டாம், குச்சி புதிதாக இருக்கட்டும், செய்த அன்றே சாப்பிட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் நேற்றையதை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கடிக்கவே முடியவில்லை

பாகு தடித்துவிட்டது. பாகு ஆறிக் குழம்பாகும்வரை காத்திருந்து முக்கினாலும், இரண்டு தடவை முக்கினாலும் இப்படி ஆகும். சூடாக இருக்கும்போதே ஒரே முக்கு, ஒரே சுழற்று, அதோடு சரி. ஏற்கெனவே தடித்துவிட்டதென்றால் பலகையில் வைத்து, கனமான கத்தியை நடுவில் ஊன்றி மேலே ஒரு தட்டுத் தட்டுங்கள். பாகு விரிசல் விட்டபின் குச்சியை உருவிவிட்டுத் துண்டுகளாக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கும் பல் கட்டியவர்களுக்கும் எப்போதும் இப்படி வெட்டியே கொடுங்கள், உடைந்த பாகுச் சில்லு கூராக இருக்கும், அதைத் தனியே ஒதுக்கிவிட்டு.